யூத விருந்தாளிக்குப் பழம் நறுக்கும் முன்

எங்கள் வீடு கும்பகோணத்துக்கும் சுவாமிமலைக்கும் நடுவில், காவிரிக் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. பிள்ளைகள் வேலைக்கு வெளியூர் போனபிறகு மாடியில் உள்ள இரண்டு அறைகளையும் ஊர் பார்க்க வருகிறவர்களுக்கு விடுகிறோம். காலையில் இட்லி, பொங்கல், டிகிரி காபி. கிளம்பும்போது கையில் ஒரு சீப்பு பூவன். இதுதான் வழக்கம். 2024 ஜனவரியில் லண்டனிலிருந்து ஒரு யூதக் குடும்பம் வந்தது. ஒரு பாட்டி, அவருடைய மகன், மருமகள். மகன் பாசனப் பொறியாளர், கல்லணையையும் வாய்க்கால்களையும் பார்க்க வந்தவர். கோயிலுக்குள் போக மாட்டோம் என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். இட்லியையும் தொடவில்லை. நம் அடுப்பில், நம் பாத்திரத்தில் சமைத்தது அவர்கள் சட்டப்படி ஆகாதாம். மருமகள் சங்கடத்தோடு, "பழம் மட்டும் போதும்" என்றார்.

பழம்தானே என்று நினைத்தேன். அன்று காலைதான் என் வீட்டுக்காரர் தாராசுரம் மார்க்கெட்டிலிருந்து கொய்யா வாங்கி வந்திருந்தார். நன்றாகக் கழுவி, அரிவாள்மணையில் நாலாக வகிர்ந்து, உப்பும் மிளகாய்த்தூளும் தூவி, பித்தளைத் தாம்பாளத்தில் கொண்டுபோய் வைத்தேன். பாட்டி தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கூடையில் மிச்சமிருந்த முழுக் கொய்யா ஒன்றைக் கேட்டு வாங்கினார். தன் பையிலிருந்து ஒரு புதுக் கத்தியை எடுத்து, ஜன்னல் வெளிச்சத்தில் பிளந்து, விதைப் பக்கத்தை விரலால் மெதுவாகத் தள்ளினார். அரிசி மணி அளவு வெள்ளைப் புழு ஒன்று உடம்பை வளைத்து, சுண்டிவிட்ட மாதிரி தெறித்துத் தரையில் விழுந்தது. முப்பது வருஷமாகச் சமைக்கிறவள் நான். அந்தப் புழுவைப் பார்த்துக்கொண்டு நிற்கத்தான் முடிந்தது.

அதற்கப்புறம் அவர்கள் இருந்த ஆறு நாளும் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டேன். பிறகு வந்த சிலரிடமும் கேட்டுத் தெரிந்துகொண்டேன். என்னைப் போல அறை விடுகிறவர்களுக்கும், வெளிநாட்டில் யூத வீடுகளுக்குச் சமையல் வேலை, பிள்ளை பார்க்கும் வேலை என்று போகிற நம் பக்கத்துப் பெண்களுக்கும் உதவும் என்று எழுதுகிறேன்.

முதலில் சட்டம். நாமும்தான் புழு இருந்தால் தூக்கிப் போடுகிறோம். நமக்கு அது அருவருப்பு, அவர்களுக்கு விலக்கு. அவர்கள் வேதமான தோராவில், நம் ஊர் வேதக்காரர்கள் லேவியராகமம் என்று படிக்கிற பகுதியின் 11ஆம் அதிகாரத்தில், ஊர்வதும் நெளிவதும் உண்ணக்கூடாது என்று இருக்கிறது. அந்தச் சட்டங்களை விரித்துச் சொல்லும் தல்மூத் என்ற பழைய நூல் அதற்குக் கணக்கே போட்டுவைத்திருக்கிறது. எறும்பைத் தின்றவன் ஐந்து கட்டளைகளை மீறுகிறான், குளவியைத் தின்றவன் ஆறு. யூதர்கள் பன்றி இறைச்சி சாப்பிட மாட்டார்கள் என்று எல்லோரும் கேள்விப்பட்டிருப்போம். எண்ணிப் பார்த்தால் ஒரு எறும்பில் அதைவிட மீறல் அதிகம்.

இன்னொன்று. ஆகாத பொருள் தவறிப்போய் ஒரு துளி கலந்துவிட்டால், அதைப் போல அறுபது பங்கு நல்ல பொருள் இருந்தால் பெரும்பாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று ஒரு விதி வைத்திருக்கிறார்கள். முழுப் பூச்சிக்கு அந்தச் சலுகை கிடையாது. ஆயிரத்தில் ஒன்று கிடந்தாலும் கிடந்ததுதான். காலிஃபிளவரைப் போடுகிற மாதிரி உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்க ஊறவைக்கட்டுமா என்று நான் பெருமையாகக் கேட்டேன். பாட்டி சிரித்துவிட்டு, "செத்த புழுவும் புழுதானே" என்றார். உப்பு புழுவைக் கொல்லும். பழத்துக்கு உள்ளிருந்து எடுத்து வெளியே போடாது.

ஆனால் அளவு கடந்து பயப்படவும் வேண்டாம். வெறும் கண்ணுக்குத் தெரிகிறதுதான் கணக்கு. பூதக்கண்ணாடி வைத்தால் மட்டும் தெரிகிறதைப் பற்றிச் சட்டம் கேட்பதில்லை. கண்ணுக்கு ஒரு புள்ளி தெரிகிறது, அது அழுக்கா பூச்சியா என்று சந்தேகம் என்றால் அப்போது கண்ணாடி வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். எனக்கு வெள்ளெழுத்து என்பதால் மூக்குக்கண்ணாடி இல்லாமல் இந்த வேலைக்கு உட்காருவதே இல்லை.

பழங்களையும் அவர்கள் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. அநேகமாகப் பூச்சி இருக்கும் என்று பேர் வாங்கியது ஒரு வகை. அதில் ஒவ்வொன்றையும் பார்த்தே ஆகவேண்டும். எல்லாவற்றிலும் இல்லாவிட்டாலும் அடிக்கடி வருகிறது இன்னொரு வகை; பத்தில் ஒன்று என்பது பலர் வைத்திருக்கும் எல்லை. இதையும் பார்க்கவேண்டும். அபூர்வமாக வருகிற மூன்றாவது வகைக்குத் தனிச் சோதனை வேண்டாம். நான் பார்த்தவரை நம் ஊரில் கொய்யா, அத்தி, இலந்தை மூன்றும் முதல் வகை. வாழை சந்தேகமில்லாமல் மூன்றாவது. ஒரு கூடையில் மூன்று பூச்சி கிடைத்துவிட்டால் அந்தக் கூடையே முதல் வகைக்குப் போய்விடும்.

இதை மறக்காதீர்கள்: நாம் பார்ப்பது முதல் பார்வை. கடைசியாகப் பார்ப்பது அவர்கள்தான். நாம் சோதித்துவிட்டோம் என்பதால் பார்க்காமல் சாப்பிட மாட்டார்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. நாம் ஒழுங்காகப் பார்த்துக் கொடுத்தால் அவர்களுக்கு வேலை குறையும், அவ்வளவுதான்.

சாமான்களுக்கு வருவோம். பித்தளைத் தாம்பாளம் இந்த வேலைக்கு ஆகாது. மஞ்சள் பளபளப்பில் வெளிறிய பூச்சி ஒன்றும் தெரியாது. வெள்ளைப் பீங்கான் தட்டு, இல்லாவிட்டால் வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டு. அதோடு ஒரு துண்டு வெள்ளைத் துணி. நான் வீட்டுக்காரருடைய பழைய எட்டு முழ வேட்டியில் நல்ல பக்கமாக இரண்டு சாண் கிழித்து வைத்திருக்கிறேன். பாத்திரம் கழுவும் திரவ சோப்பு. கத்தி புதியதாக இருக்கட்டும், அவர்களுக்கென்றே தனியாக எடுத்து வையுங்கள். அரிவாள்மணையில் நாம் மீனும் நறுக்கியிருப்போம், கோழியும் நறுக்கியிருப்போம். எலுமிச்சை மாதிரி புளிப்போ காரமோ தூக்கலான பொருளை நறுக்குவதென்றால் தனிக் கத்தி விஷயத்தில் இன்னும் கண்டிப்பு. வெளிச்சம் எல்லாவற்றையும்விட முக்கியம். காலை பத்து மணிக்குத் திண்ணையில் விழுகிற வெயிலுக்கு ஈடு எந்த டியூப்லைட்டும் இல்லை. சாயங்காலம் ஆகிவிட்டால் செல்போன் டார்ச்சைப் பழத்துக்குப் பின்னால் பிடியுங்கள்.

சரி, கொய்யா. பழ ஈ காய் மரத்தில் இருக்கும்போதே தோலைக் குத்தி முட்டை வைக்கும். குத்தின இடம் ஊசி முனை அளவு புள்ளி, சுற்றிலும் லேசாகப் பழுப்பு வளையம். பழுக்கும்போது அந்த இடம் குழியும், விரல் வைத்தால் மெத்தென்று உள்ளே போகும். அந்தப் பழத்தைப் பிளக்கக்கூட வேண்டாம், தள்ளிவிடுங்கள். புள்ளி இல்லாததையும் நம்பிவிடக் கூடாது. முதலில் காம்புக்கு எதிர்ப்பக்கம், பூ இருந்த முனையில் காய்ந்த இதழ் மாதிரி இருக்கிறதே, அதை ஒரு விரல் கனத்துக்கு வெட்டி எறியுங்கள். மாவுப்பூச்சியும் சின்ன எறும்பும் குடியிருக்கிற இடம் அதுதான். பிறகு நாலாக நறுக்கி, விதைப் பகுதியைத் தனியாக வழித்து வெள்ளைத் தட்டில் மெல்லிசாகப் பரப்புங்கள். உடனே பார்க்காமல் ஒரு நிமிஷம் சும்மா இருங்கள். கொய்யாச் சதையும் வெள்ளை, புழுவும் வெள்ளை. அசைந்தால்தான் கண்ணுக்குப் பிடிபடும். சதையில் தண்ணீர் கோத்த மாதிரி, பழுப்பாக ஒரு கோடு ஓடினால் அது புழு போன பாதை. மழைக்காலத்துக் கொய்யாவை இவர்களுக்குக் கொடுப்பதையே நான் விட்டுவிட்டேன். பத்து பிளந்தால் நாலுதான் தேறுகிறது, அந்தப் பாடு யார் படுவது?

அத்திக்கு நம்மிடம் பழமொழியே இருக்கிறது: அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை. வாய்க்கால் ஓரத்து நாட்டு அத்தியைப் பிட்டவர்களுக்குத் தெரியும், உள்ளிருந்து குட்டிக் குளவிகள் புகை மாதிரி கிளம்பும். அத்தியின் பூ பழத்துக்கு உள்ளேயே இருக்கிறது. மகரந்தம் சேர்க்க அந்தக் குளவிதான் உள்ளே போய் வரவேண்டும். ஆகவே நாட்டு அத்தியைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கடையில் விற்கிற சீமை அத்தியில் குளவி இல்லாமலே காய்க்கிற வகைகளும் உண்டு, குளவி வேண்டிய வகைகளும் உண்டு. காய்ந்தபிறகு நாம் எதையென்று கண்டுபிடிப்பது?

இந்த உலர் அத்தியில்தான் நான் இரண்டாவது முறை மாட்டிக்கொண்டேன். அவர்கள் தங்கியிருந்தபோது தைப்பூசம் வந்தது. காவடிக் கூட்டம் சுவாமிமலைக்குத் தெருவை அடைத்துக்கொண்டு போகிறது. அதே பௌர்ணமியில் அவர்களுக்கும் ஒரு திருநாள், து பிஷ்வாத், மரங்களுக்கான புத்தாண்டு. அந்த வருஷம் இரண்டும் ஜனவரி 25 அன்றே சேர்ந்து வந்தன. அவர்களுக்கு நாள் பிறப்பது சூரியன் அஸ்தமித்ததும் என்பதால் முதல் நாள் சாயங்காலமே பழங்களை வைத்து உட்கார்ந்துவிட்டார்கள். வேதத்தில் அவர்கள் நாட்டுக்குச் சொன்ன ஏழு விளைச்சல்களில் அத்தி, பேரீச்சை, மாதுளை, திராட்சை, ஒலிவம் ஐந்தும் பழம். நானும் என் பங்குக்குக் கும்பகோணத்தில் ஒரு கடையில் கயிற்றில் கோத்த உலர் அத்தி ஒரு கிலோ வாங்கி வந்தேன். பாட்டியும் நானும் திண்ணையில் உட்கார்ந்து பிரித்தோம்.

பிரிக்கிற முறை இது. வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிஷம் போட்டு இளக்குங்கள். காம்பை நறுக்கிவிட்டுப் பழத்தைக் குறுக்கே வெட்டாமல், ஒரு பக்கம் மட்டும் கீறி, புத்தகம் மாதிரி விரியுங்கள். உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி, கட்டைவிரலால் விதைகளை அழுத்திப் பரப்பி, வெயிலுக்கு நேராகப் பிடியுங்கள். நல்ல அத்தியின் உள்ளே தேன் நிறத்தில் ஒரே சீராக வெளிச்சம் தெரியும். எங்கேயாவது கறுப்பாகவோ சாம்பலாகவோ திட்டு இருந்தால், நூலாம்படை மாதிரி இழை இருந்தால், நொய் மாதிரி கறுப்புத் துகள் உதிர்ந்தால் தூக்கிப் போடுங்கள். அது பூச்சியின் எச்சம். பழத்தின் அடியில் கண் மாதிரி ஒரு துளை இருக்கும், அதன் உள்வாயை மறக்காமல் பாருங்கள். சின்ன வண்டு அங்கேதான் பதுங்கும், எள்ளை விடச் சற்றுப் பெரியது, நிறம் விதைக்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. விதை வழவழவென்று இருக்கும். வண்டுக்கு இடுப்பு இருக்கும், கால் இருக்கும். அந்தக் கயிற்றில் ஐந்தாவது பழத்தில் ஒன்று, எட்டாவதில் ஒன்று, பன்னிரண்டில் ஒரு காய்ந்த புழு. மூன்று ஆயிற்று. பாட்டி கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துவிட்டார். மிச்சத்தைப் பக்கத்து வீட்டு மாட்டுக்குப் போட்டேன்.

பேரீச்சை இதைவிடச் சுலபம். நீளவாக்கில் கீறி, கொட்டையை எடுத்து, இரண்டு பக்கத்தையும் வெளிச்சத்தில் பிடித்தால் போதும். கொட்டை இருந்த குழியில் கறுப்புத் தூளோ இழையோ தெரிந்தால் ஆகாது. முழுசு முழுசாக இருக்கிற பழமாக வாங்குங்கள். அமுக்கிக் கட்டியாக விற்கிறதைப் பிரிக்கவும் முடியாது, பார்க்கவும் முடியாது. மாதுளையில் தோலைச் சுற்றிப் பாருங்கள். ஊசி நுழைகிற அளவு ஓட்டை இருந்தால் உள்ளே காய்த்துளைப்பான் புகுந்திருக்கும். உடைத்தால் அந்த அறை மட்டும் பழுப்பாகி நாறும். கிரீடம் மாதிரி இருக்கிற தலைப்பகுதியை உடைக்கும் முன்பே வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் அங்கிருக்கிற மாவுப்பூச்சி முத்துக்களின் மேல் கொட்டும்.

மாம்பழத்தில் வெளியே பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. மாங்கொட்டை வண்டு பிஞ்சாக இருக்கும்போதே முட்டை வைத்துவிடும், புழு கொட்டைக்குள் போய்விடும், போன வழியும் ஆறிவிடும். பளபளவென்று இருக்கிற நீலம் பழத்தை அறுத்தால் கொட்டைக்குள்ளிருந்து கறுப்பு வண்டு எட்டிப் பார்க்கும். கன்னங்களை மட்டும் சீவி, சதையைத் தட்டில் பார்த்துவிட்டுக் கொடுங்கள். கொட்டையைச் சப்பக் கொடுக்கும் நம் பாசத்தை இங்கே காட்ட வேண்டாம்.

சாத்துக்குடி, ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் குண்டூசித் தலை அளவு பழுப்புப் புள்ளிகள் ஒட்டியிருக்கும். நகத்தால் நெம்பினால் செதில் மாதிரி பெயர்ந்து வந்தால் அது செதில் பூச்சி. உரித்துச் சாப்பிடுவதில் சிக்கல் இல்லை. உரித்த கையையும் கத்தியையும் ஒரு தடவை கழுவிவிட்டுச் சுளையைத் தொடுங்கள். தோலோடு வட்டமாக நறுக்கித் தேநீரில் மிதக்கவிடும் பழக்கம் வேண்டாம். அன்னாசியில் கொண்டையை வெட்டி, கண் ஒன்றுகூட மிச்சமில்லாமல் கனமாகச் சீவுங்கள். பலாச்சுளையைப் பிரித்துக் கொட்டை எடுத்தால் எறும்பு இருந்தால் தெரிந்துவிடும். சீத்தாப்பழத்தின் தோல் மடிப்பெல்லாம் மாவுப்பூச்சிதான். பிளந்து கரண்டியால் எடுக்கலாம், ஆனால் அந்தக் கரண்டி தோலில் படாமல் எடுக்க எனக்கு இன்னும் வரவில்லை.

திராட்சைக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் துணி வேண்டும். கம்பம் பன்னீர் திராட்சையைக் கொத்தாகக் கழுவுவதில் பிரயோஜனம் இல்லை, ஒவ்வொன்றாக உதிர்த்துவிடுங்கள். கொடைக்கானலிலிருந்து டப்பாவில் வருகிற ஸ்ட்ராபெர்ரியின் பச்சைத் தலையை ஒரு மயிரிழைச் சதையோடு சேர்த்து நறுக்குங்கள், ஆனால் நடுவில் பள்ளம் விழக்கூடாது. இலைப்பேனும் அசுவினியும் அந்த இலைக்கு அடியிலும் விதைக் குழிகளிலும் ஒட்டியிருக்கும், சும்மா தண்ணீர் ஊற்றினால் விடாது. ஒரு பாத்திரம் தண்ணீரில் கொஞ்சம் திரவ சோப்பு விட்டு வழுவழுப்பாக்கி, பழத்தை ஐந்து நிமிஷம் ஊறவிட்டு, கையால் அலசி, குழாய்த் தண்ணீரில் ஒவ்வொன்றாகத் தடவிக் கழுவுங்கள். இப்படி மூன்று முறை. ஊறிய தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள், வேட்டித் துணி வழியாக வடிகட்டுங்கள். துணியை விரித்து வெயிலில் பிடித்தால் கமா மாதிரி கறுப்பாகவோ வெளிர் மஞ்சளாகவோ ஒட்டியிருக்கிறதா என்று தெரியும். மூன்றாவது தண்ணீரிலும் ஏதாவது வந்தால் மறுபடி அலசுங்கள். கொல்லையில் இருக்கிற முசுக்கொட்டைப் பழத்தைப் பெருமையாகக் காட்டினேன். பாட்டி ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டார். அந்த மாதிரி முண்டும் முடிச்சுமான பழத்தைக் கழுவியும் தீராது, பார்த்தும் தீராது.

மிக்ஸியில் அடித்து ஜூஸ் ஆக்கிவிட்டால் முழுப்பூச்சி இருக்காதே என்று நீங்களும் யோசிப்பீர்கள், நானும் கேட்டேன். வேண்டுமென்றே அரைத்து அழிக்கிற வேலையைச் சட்டம் ஒத்துக்கொள்வதில்லை.

வாழைப்பழம் நமக்கெல்லாம் வரப்பிரசாதம். திருவையாற்றுப் பக்கத்துப் பூவனோ ரஸ்தாளியோ, உரித்தால் ஆயிற்று. ஆனால் பூஜை செய்த தட்டிலிருந்து எடுத்துக் கொடுக்காதீர்கள். சாமிக்குப் படைத்தது அவர்களுக்கு முற்றிலும் ஆகாது. ஒரு வேடிக்கை, வாழையை அவர்கள் மரமாகவே எண்ணுவதில்லை. மண்ணில் விளைந்ததற்கான ஸ்தோத்திரத்தைத்தான் அதற்குச் சொல்கிறார்கள். இதில் ஒரு லாபமும் இருக்கிறது. நட்டு மூன்று வருஷம் ஆகாத மரத்தின் பழம் அவர்களுக்குக் கூடாது, வாழைக்கு அந்தக் கேள்வி இல்லை. கொல்லையில் புதிதாக வைத்த மாவிலோ கொய்யாவிலோ முதல் காய்ப்பைப் பறித்துக் கொடுக்கும் முன், மரத்தின் வயதைச் சொல்லிவிடுங்கள்.

வெள்ளிக்கிழமை மட்டும் நேரக் கணக்கு. சூரியன் அஸ்தமிக்கிறதிலிருந்து சனி இரவு வரை சப்பாத், அவர்களுடைய ஓய்வு நாள். அன்று செய்யக்கூடாது என்று 39 வேலை வகைகள் உண்டு. நல்லதிலிருந்து கெட்டதைப் பொறுக்கி எடுப்பதும் அதில் ஒன்று. ஆகவே சனிக்கிழமை காலையில் தட்டை வைத்துக்கொண்டு பூச்சி பொறுக்க முடியாது. வெள்ளி மதியம் மூன்று மணிக்கெல்லாம் இரண்டு வேளைப் பழத்தையும் பிரித்து, கழுவி, அவர்கள் கண்ணிலும் காட்டி மூடி வைத்துவிடவேண்டும்.

மூடி வைத்தால் முடிந்தது என்று நினைத்துத்தான் நான் மூன்றாவது முறை ஏமாந்தேன். அவ்வளவு நேரம் பார்த்துப் பார்த்து வைத்த மாதுளை முத்து, காலையில் திறந்தால் விளிம்பில் நாலு எறும்பு. எறும்பு எங்கிருந்து வந்தால் என்ன, ஐந்து கட்டளை ஐந்துதான். அப்போதிலிருந்து இறுக்கமான டப்பாவில் போட்டு, அதை ஒரு அகலமான தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் வைக்கிறேன். டப்பா சுவரைத் தொடக்கூடாது, மூடியின் மேல் துணி தொங்கக்கூடாது. தண்ணீரில் இரண்டு சொட்டு சோப்பு விடுங்கள். வெறும் தண்ணீர் என்றால் எங்கள் வீட்டு எறும்பு மிதந்தே போய்ச் சேர்ந்துவிடும்.